கீழ ஆள் கீது

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ரயில் ஏறினால் பெங்களூரு வரை லவினா உட்கார மாட்டாள். கதவோரம் நின்று கவிதை வரிகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவாள். மருத்துவமனையில் பில் போடுகிற வேலை, எழுத்தெல்லாம் ரயிலில்தான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ரோமானியக் கல்லறைப் பாட்டுகள் அவளை ஆட்டிவைத்தன. ரோமானியர் செத்தவர்களைச் சாலையோரம் புதைப்பார்களாம். புதைந்தவர்கள் கல்லிலிருந்து வழிப்போக்கரை நிறுத்திப் பேசுவார்களாம். அந்தத் தோரணையில் அவளும் தமிழில் எழுதினாள். செத்துப்போன டீக்கடைக்காரரும் டிக்கெட் பரிசோதகரும் அவள் கவிதையில் வாய் ஓயாமல் பேசினார்கள்.

வருகிற ஞாயிறு அப்பா ஆர்தருக்கு முதல் வருஷ நினைவு. கல்லறை, ஸ்டேஷன் போகும் பாதையோரம். கல் வெட்டும் வால்டரிடம் வரிகளை நேற்றே கொடுத்துவிட்டாள். இன்று காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியபடி அம்மா மரியகுழந்தைக்குப் படித்துக் காட்டினாள்:

"நில்லுங்கள், ரயிலுக்கு ஓடுகிறவரே.
நான் ஆர்தர், சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுத்தவன்.
மண்ணே, என்மேல் கனக்காதே. இளகிக் கிட."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி இது? வாழ்த்தா, சாபமா?"

"வாழ்த்துதாம்மா. செத்தவங்கமேல மண்ணு பாரமா இருக்கக் கூடாதுன்னு ரோமுல..."

"எழுதினவன் சுரங்க ஷாஃப்டுல எறங்கினானா? உங்க நைனா கம்பியால மேல்பாறையைத் தட்டித் தட்டிக் கேப்பாரு. இளகின சத்தம் வந்தா, பாறை விழும்னு எல்லாரையும் வெளிய தொரத்துவாரு. அவரு தலைமேல போய் இளகிக் கிடன்னு எழுதறியே! பில்லுல தப்பு வந்தா அடிச்சி எழுதுவே, கல்லுல இன்னா பண்ணுவே?"

லவினா ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறியதும் வால்டரை அழைத்தாள். "அண்ணே, கடைசி வரி வேணாம்!"

"ரெண்டு வரி முடிஞ்சிடுச்சும்மா. அப்புறம் வேற வேலைக்குப் போவணும். இன்னா வெட்டறது, சீக்கிரம் சொல்லு."

"பங்காருபேட்டை ஸ்டேஷன் வர்றதுக்குள்ள சொல்றேன்."

இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக நடந்தாள். 'மெல்ல அணைத்துக்கொள்' சரியில்லை. 'தாங்கிக்கொள்' அதைவிட மோசம்; தாங்கியவர் அப்பா. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டிவிட்டது. நைனா மண்ணிடம் எதையாவது கேட்டிருக்கிறாரா? கெஞ்சுகிற ஆள் இல்லை. முட்டுக் கொடுக்கும்போது மேலே எவனாவது அசைந்தால் ஒரே கத்தல். வீட்டுத் தகரக் கூரையில் குரங்கு ஓடினாலும் உள்ளேயிருந்து அதே கத்தல்.

அம்மாவை அழைத்தாள். "அம்மா, இதைக் கேளு. 'மண்ணே, அசையாதே. கீழ ஆள் கீது.'"

அம்மா அந்த வரியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவரு கத்தறாப்லயே கீது," என்றாள் மரியகுழந்தை. "வண்டி நிக்கறதுக்குள்ள அந்த வால்டருக்குச் சொல்லு, போ."

சொன்னாள்.

"அவ்ளோதானா?" என்றார் வால்டர்.

"அவ்ளோதான்."

போனை அவர் வைக்கவில்லை. உளி விழும் சத்தம் கேட்டது. இடம் காலியாக இருந்தும், லவினா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே போனாள்.