டெம்போவில் ஏறிய அட்ஜஸ்ட்

டெம்போ ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்சுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை: அட்ஜஸ்ட். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அங்கே இந்த வார்த்தையை யாரும் சொல்லித்தரவில்லை. ரோடு சொல்லித்தந்தது. பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டிலும் இதனிடம் மாட்டி முழித்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மரக்காணத்துக்கும் கீழ்புத்துப்பட்டுக்கும் நடுவில் மூன்று சக்கர டெம்போ ஓட்டினேன். சுனாமி வந்துபோன அடுத்த வருடம் என் வண்டிக்கு எஃப்சி எடுக்கவேண்டியிருந்தது. ஓட்டத் தகுதியான வண்டி என்று அதிகாரி பார்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். அறுபது வயதில் உப்பளத்தில் இறங்கி உப்பு வார என் முதுகு இடம் தராது. வேறு தொழிலும் தெரியாது. அந்த வருடம் முழுக்க அந்தப் பயம்தான்.

நகர்ந்து உட்கார்

விடிவதற்குள் உப்பளத்துக்குப் போகும் பெண்களை ஏற்றுவேன். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். ஆறாவது ஆள் கை காட்டினால் பின்னால் திரும்பி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா" என்பேன். நகர்ந்து உட்காருங்கள் என்று பொருள். நகர இடம் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பார்த்தால் தொழில் நடக்காது.

அஞ்சலை என்று ஒருத்தி. தினமும் வருகிறவள். வாய் மட்டும் தனி டிக்கெட் எடுக்கவேண்டிய அளவுக்குப் பெரியது. ஒருநாள் அவள் சொன்னாள்: "அண்ணே, இடுப்பக் கழட்டி ஊட்ல மாட்டிட்டா வர முடியும்? மொதல்ல ஒன் சீட்ல ஒட்டிக்கினு வர்ற அந்த ரெண்டு ஆம்பளைங்கள எறக்கு, அப்புறம் எங்கள அட்ஜஸ்ட் பண்ணு!"

பொறுத்துக்கொள்

வேலை முடிந்து திரும்பும்போது அவர்கள் கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும். மற்ற டெம்போக்காரர்கள் அதனாலேயே அவர்களைப் பார்த்தால் வேகமெடுப்பார்கள். நான் மட்டும் நிறுத்துவேன். நல்ல மனசு என்று நினைக்கவேண்டாம். அந்த நேரத்தில் மற்ற ஆட்களை மட்டும் வைத்து வண்டி நிறையாது. பக்கத்து சீட்டுக்காரர்களிடம், "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பேன். இங்கே அதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். மனிதர்கள் பொறுத்துக்கொண்டார்கள். தகரம் பொறுக்கவில்லை. உப்பு தின்று தின்று தரையில் ஓட்டை விழுந்துவிட்டது.

வெள்ளை வேட்டி கட்டி, வானூர் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனவர் ஒருவர் அந்த ஓட்டைக்கு மேலே காலை அகட்டி வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிரைவரே, ஒங்க வண்டில ஊர் வந்துச்சான்னு யாரையும் கேக்கவே தேவையில்ல. குனிஞ்சி பாத்தா ரோடே சொல்லுது."

சரிசெய்

ஓட்டை போதாதென்று பிரேக்கும் கெட்டது. மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. மரக்காணத்து மெக்கானிக் பார்த்தான். "பிரேக்க அட்ஜஸ்ட் பண்ணணும், தரைய வெல்டிங் அடிக்கணும். இந்தப் பழைய வண்டிய இப்ப யாரும் தொட மாட்டாங்க. கூனிமேடு பட்டறை பாய்கிட்ட போ" என்றான். அங்கேதான் சிக்கல். பாயோடு எனக்கு இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது.

காரணம் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அவர் மகன் கல்யாண விருந்தில் நான் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள் என்று பாய் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க, அடுத்த பந்தி பாத்துக்கலாம்" என்றார். விட்டுக்கொடு என்று பொருள். விட்டுக்கொடுத்தேன். அடுத்த பந்தியில் பிரியாணி அண்டாவில் சோறு இருந்தது, கறி இல்லை. உட்கார்ந்தவனை எழுப்பியதை எந்த மனிதன் மறப்பான்? அன்றிலிருந்து கூனிமேட்டில் அவர் பட்டறை வந்தால் முகத்தை இடது பக்கம், கடலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டுதான் ஓட்டினேன்.

இதைக் கேட்ட மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு வருசமா நீ அந்தப் பக்கமே திரும்பிக்கினு ஓட்டுனா, வண்டியும் அந்தப் பக்கந்தான்யா இழுக்கும்!"

ஒத்துப்போ

எஃப்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அன்று பகல் வண்டி கூனிமேட்டை நெருங்கும்போது, "நிறுத்து அண்ணே" என்றாள் அஞ்சலை. நிறுத்தினேன். பாய் பட்டறை வாசல். "ஒன் வண்டி நின்னா எங்கள ஈரக் கூடையோட எவன் ஏத்துவான்? நீ பேசு, இல்லன்னா நாங்க எறங்க மாட்டோம்" என்றாள். அத்தனை பெண்களும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாய், அண்ணன் வண்டி பிரேக்கு இழுக்குது, வந்து பாருங்க!" என்று அஞ்சலை குரல் கொடுத்தாள். பாய் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "அஞ்சலைம்மா, பிரேக் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கேளு."

"இடது பக்கம்னு சொல்லு" என்றேன்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. நடுவில் அவள்.

பிரேக்கில் சேர்ந்த காற்றை எடுக்கவேண்டும் என்று பாய் சொன்னார். அந்த வேலையை ஓர் ஆளாகச் செய்யமுடியாது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து, அந்த நேரம் பார்த்துத் திருகைத் திறந்து மூடவேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். பெண்கள் இறங்கி நிழலுக்குப் போனார்கள். பாய் அடியில் போனார். நான் மிதித்தேன். "மிதிச்சிட்டாராம்!" என்றாள் அஞ்சலை. பாய் திறப்பதற்குள் நான் காலை எடுத்துவிட்டேன். "எடுத்துட்டாராம்!" என்று அவள் சொல்வதற்குள் மறுபடி மிதித்துவிட்டேன். பிரேக் ஆயில் பாய் தாடியெல்லாம் பீய்ச்சியது.

அடியிலிருந்து சத்தம் வந்தது: "யோவ்! கால் ஒன்னுது, வாய் மட்டும் அந்தப் பொம்பளையோடதா? நீயே சொல்லித் தொலைய்யா!"

இறுக்கிப் பிடி

சொன்னேன். "மிதிச்சிட்டேன் பாய்." "புடிச்சிக்க... ஆங், வுடு." இப்படியே மூன்று சக்கரமும் முடிந்தது. வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் இரண்டு வருடம் பேசாததற்கு அது நிறையப் பேச்சு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். தரைக்குப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்துத் தந்தார்.

எஃப்சி மைதானத்தில் அதிகாரி தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க... இப்ப பிரேக் அடிங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். வண்டி இழுக்கிறதா, நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தைரியம் இல்லை. சற்று நேரம் கழித்து அதிகாரி மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, வண்டி நேரா நின்னு ரொம்ப நேரமாச்சு. கால எடுங்க."

நிம்மதி

அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு குப்புறப் படுத்துத் தூங்கினேன். மறுநாள் விடியலில் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள். "எஃப்சி ஆயிடுச்சி" என்றேன். ஒருத்தி கும்பிட்டாள். ஒருத்தி கூடையால் என் முதுகில் தட்டினாள். எல்லோரும் ஏறி, மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்தார்கள்.

அஞ்சலை கடைசியாக ஏறிக்கொண்டே சொன்னாள்: "அப்ப, இன்னும் ஒரு வருசம் எங்கள நசுக்கலாம்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சின்னு சொல்லு!"

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த ஒரு வார்த்தையின் எல்லா அர்த்தமும் தெரிந்துவிட்டது, ஆனால் எனக்காக அடுத்தவர் அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் அர்த்தம் மட்டும் கடைசி ஸ்டாப்பில்தான் ஏறியது.