லியோகாடியாவின் நாற்காலி

மஹெங்கே மலைச்சரிவிலிருந்த சிறிய மருத்துவ நிலையத்தில் பல் மருத்துவம் பார்த்தவர் லியோகாடியா. அவரிடம் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்காக ஆறு ஆண்டுகள் மனுமேல் மனு எழுதியிருந்தார். அது வந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஒரு புதன்கிழமை தியோதோசியா வந்து அதில் அமர்ந்தாள்.

தியோதோசியாவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு, தனிக்கோப்பை. வலிப்புக்காரரின் எச்சில் பட்டால் தமக்கும் வந்துவிடும் என்று நம்பாதவர் அந்த மலையில் அரிது. கடைவாய்ப்பல் சொத்தையாகி இரண்டு ஆண்டுகளாக வலித்தும், அவளுடைய வாயைத் திறந்து பார்க்க எவரும் முன்வரவில்லை.

"வேணாங்க்கா," என்று உதவியாளர் ஓதிலோ காதருகே முணுமுணுத்தார். "இதுல வச்சு அவளுக்கு வந்துச்சுன்னா, அப்புறம் ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. நீங்களும் நானும்தான் மாறி மாறி உக்காந்துக்கணும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. வராந்தாவில் பதினொரு பேர் காத்திருந்தார்கள், கதவும் திறந்திருந்தது. ஆனாலும் லியோகாடியா விளக்கைத் திருப்பினார். வலிப்பு மாத்திரையால் ஈறு தடித்துப் பற்களைப் பாதி மூடியிருந்தது. முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

"இது எப்படிம்மா உடைஞ்சுது?"

"வலிப்பு வந்தப்ப வாய்ல கரண்டியத் திணிச்சாங்க."

சொல்லி முடித்ததும் தியோதோசியாவின் கண்கள் செருகின. உடல் விறைத்து உதறத் தொடங்கியது. ஓதிலோ ஓடிப்போய்க் கஞ்சிப் பானையிலிருந்த மரக்கரண்டியோடு வந்தார்.

"அதைக் கீழ போடுப்பா. பல்லைப் பிடுங்கத்தான் நமக்குச் சம்பளம், உடைக்கிறதுக்கு இல்ல."

லியோகாடியா கருவித்தட்டைத் தள்ளிவிட்டு, நாற்காலியைத் தாழ்த்தி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கைகால்களை அழுத்திப் பிடிக்கவில்லை. அவள் விழாதபடி அருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடங்களில் உதறல் அடங்கியது. சற்று நேரத்தில் அவளுக்குத் தெளிந்தது.

"காலைல மாத்திரை போட்டியா?"

"இல்லக்கா. நீங்க ஊசி போடுவீங்கல்ல. ரெண்டு மருந்தும் வயித்துக்குள்ள சண்டை போட்டுக்கும்னாங்க. கஞ்சிகூடக் குடிக்கல."

முன்பே கேட்காமல் போனோமே என்று லியோகாடியாவுக்குச் சுருக்கென்றது. அவளை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினார். வராந்தாவில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நான் கெளம்புறேன் தாயி," என்றார் கன்னம் வீங்கிய காசியன் கிழவர். "பல்லோட போகட்டும். புத்தியும் சேந்து போயிடப் போகுது."

லியோகாடியா துணியை எடுத்தார். எந்த நோயாளிக்குப் பிறகும் துடைப்பதைப்போலவே நாற்காலியைத் துடைத்தார். மருந்துநீரை ஒரு துளிகூட அதிகம் ஊற்றவில்லை. பிறகு தாமே அதில் சாய்ந்துகொண்டார்.

"ஓதிலோ, கதவை நல்லாத் தெற. என் பல்லைச் சுத்தம் பண்ணு."

"எனக்குக் கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். ஈறு என்னோடதுதானே."

பதினொரு தலைகள் வாசலில் எட்டிப் பார்த்தன. ஓதிலோ ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்துகொண்டே போனார். முடிவில் கன்னத்தைப் பிடித்தபடி காசியன் உள்ளே வந்தார்.

"எந்திரி தாயி. நீயே எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப? எனக்கு உயிர் போகுது."

அடுத்த புதன்கிழமை, மாத்திரையும் கஞ்சியும் உட்கொண்டு வந்த தியோதோசியாவின் சொத்தைப்பல் சிக்கலின்றி வெளிவந்தது. அன்றுமுதல் அங்கே வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அந்த இரண்டையும் கேட்டுவிடுவது வழக்கமாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த நாற்காலியின் உறையை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்தது என்று சொல்லும்போது லியோகாடியாவின் தலை சற்றே நிமிரும்.