பொட்டு வைத்த டிஸ்க்

ஊரின் மறுபக்கம் கோர்படியிலிருந்து சைக்கிளில் வந்த ஹார்டுவேர்க்காரர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத்தான் எதையும் தொடுவார். என் பழைய ஹார்டு டிஸ்க் கடகடக்க ஆரம்பித்திருந்தது. லினக்ஸும், இரண்டு வருடமாக நான் வரைந்த தமிழ் எழுத்துருவும் அதில்தான் இருந்தன.

"குங்குமம் இருக்குதா ஸார்?" என்று கேட்டு வாங்கி, பழைய டிஸ்கில் ஒரு பொட்டு வைத்தார். புதியதையும் பொருத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நகலெடுக்கிற கமாண்டை நீங்களே அடிங்க. ஜல்தி வேணாம். என்டர் தட்டுறதுக்கு முன்னாடி எதுலேர்ந்து எதுக்குன்னு சத்தமா சொல்லுங்க."

"முதல் டிஸ்கிலேர்ந்து ரெண்டாவதுக்கு."

"பொட்டு எதுல ஸார்?"

திறந்திருந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். பொட்டு இரண்டாவது கேபிளில் மாட்டிய டிஸ்கில் இருந்தது. காலி டிஸ்கை என் எழுத்துருவின் மேல் கொட்டவிருந்தேன். விரலை வெடுக்கென்று எடுத்தேன்.

மாற்றி அடித்தேன். சாயங்காலம் புது டிஸ்கிலிருந்து லினக்ஸ் எழுந்தது. திரையில் என் 'ழ' சுழி கலையாமல் நின்றது.

"இந்தப் பொட்டு யோசனை எப்படி வந்தது?" என்றேன்.

"ஒரு தடவை வெக்காம வுட்டுட்டேன் ஸார்."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார். அப்படி அழிந்தது யாருடைய டிஸ்க் என்று நான் கேட்பதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.