‘ஓரினம்’ என்று எழுதிய புண்ணியவான்

எங்கள் சங்கத்தின் செயலாளருக்குத் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும். யாராவது பஸ் என்று சொன்னால் முகத்தைச் சுளித்து, ‘பேருந்து’ என்று திருத்துவார். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் அனுப்பிய தீர்மானமும் அதே சுத்தத்தோடுதான் வந்தது. ‘நமது மண்டபத்தில் ஓரினத் திருமணங்கள் நடத்துவதைத் தடை செய்தல். உறுப்பினர் வாக்களித்து முடிவு செய்க.’

அது என் மகளைக் குறிவைத்து எழுதியது. தான் விரும்பிய பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று அவள் எங்களிடம் சொல்லி நெடுநாளாகிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் புரொண்பியில் எங்களைத் தெரிந்தவர்களுக்கும் விஷயம் தெரியும். அதன் பிறகு அவளைக் கண்டால் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், காரைப் பற்றிக் கேட்பார்கள், மழையைப் பற்றிக் கேட்பார்கள்.

டென்மார்க்கில் சட்டம் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. கொமுன என்கிற நகரசபையில் போய்க் கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது. பிறகு ஏன் இந்த மண்டபத்துக்கு மல்லுக்கட்டுகிறாய் என்று நானே கேட்டேன். சனிக்கிழமை தோறும் தமிழ் படித்தது, மேடையில் ஆடி விழுந்தது எல்லாம் அங்கேதானே என்றாள். கொமுனவில் சட்டம் பார்க்கும், இங்கேதான் நம்முடைய ஆட்கள் பார்ப்பார்கள் என்றாள். எல்லாம் டெனிஷில்தான். அவள் எனக்குத் தமிழில் பதில் சொல்லி வருடக்கணக்காகிறது.

ஆகவே நானும் மனைவியும் வாக்குக் கேட்டுப் புறப்பட்டோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் காரில் வைத்தே உத்தரவு போட்டாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் வாயைத் திறக்கப்படாது. நான் கதைக்கிறன்.”

வாயைத் திறக்காமல் எப்படி இருப்பது? எங்கள் ஆட்களின் வீட்டில் எதிரியாக இருந்தாலும் ரோல்ஸ் தின்னாமல் எழும்ப விடமாட்டார்கள். “பிள்ளையின்ர விருப்பம் சரி, ஆனா மண்டபத்தில வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு ரோல்ஸை என் தட்டில் வைத்தார் ஒருவர். நான் அதையும் தின்றுவிட்டு, படியிறங்கும்போது அவரைத் திட்டித் தீர்த்தேன்.

பக்கத்து ஊரான அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் அண்ணையிடம் கடைசியாகப் போனோம். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். இப்போது முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கிறார், ஊர்க்கதை அவர் காதுக்கு எட்டுவதில்லை. ஆனால் அவர் சொன்னால் பழைய ஆட்கள் கேட்பார்கள். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் டெனிஷ்காரரைக் கட்டியவர்கள். அந்தக் கவலை அவருக்குத் தீராதது. நாங்கள் உட்காருமுன்னமே தொடங்கிவிட்டார்.

“தம்பி, இவங்களுக்கு என்ன விசரே? ஓரினத் திருமணம் செய்யக்கூடாதாம். அப்ப தமிழ் தமிழைக் கட்டக்கூடாதோ? அதுவும் எங்கட மண்டபத்தில!”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இனக்கலவரத்தில் ஓடிவந்த மனிதருக்கு இனம் என்றால் வேறு என்னவாக இருக்கும்?

“நாளைக்கே எல்லாருக்கும் ரெலிபோன் எடுக்கிறன். உந்தத் தீர்மானத்தைத் தோக்கடிச்சுப் போட்டுத்தான் மற்றக் கதை.”

“ஓம் அண்ணை, கட்டாயம் எடுங்கோ” என்றேன். மனைவி என் தொடையில் கிள்ளினாள். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரிப் படியிறங்கினேன்.

காரில் ஏறியும் அவள் ஸ்டார்ட் பண்ணவில்லை.

“ஒண்டும் தெரியாமல் போடுற வாக்கு, தாலி கட்டுற அண்டைக்கு எழும்பிப் போகும். அப்ப பிள்ளையின்ர முகத்தை ஆர் பாக்கிறது?”

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. காரை விட்டிறங்கித் திரும்பப் படியேறினோம்.

அண்ணைக்கு நானே சொன்னேன். இனம் இல்லை, பெண்ணைப் பெண் கட்டுவது, கட்டப் போவது என் மகள் என்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னைப் பேயனாக்கப் பாத்தியோ?”

“ஓம் அண்ணை.”

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு கேட்டார், “மற்றப் பெட்டை?”

“ஸ்கீவ எண்ட ஊர்ப் பிள்ளை.”

“டெனிஷோ?”

“தமிழ், அண்ணை. தாய் தகப்பன் மன்னார்.”

அண்ணை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

கூட்டத்தன்று அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். என் மகளும் அந்தப் பிள்ளையும் பின்னால், சமையலறை வாசலில், யாரோ எவரோ போலத் தள்ளித் தள்ளி நின்றார்கள். செயலாளர் தீர்மானத்தை வாசித்ததும் அண்ணை எழுந்தார்.

“உதில ஓரினம் எண்டு கிடக்கு. முதல் எனக்கு விளங்கினது ஒண்டு. இப்ப விளங்கினது வேறை. ரெண்டையும் தடுக்க நான் விடன்.”

சபை சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. கை உயர்த்தச் சொன்னார்கள். தீர்மானம் மயிரிழையில் தோற்றது. எங்கள் வீட்டில் வருடக்கணக்காகத் தேநீர் குடித்தவர்கள் சிலரும் தடைக்குக் கை உயர்த்தினார்கள். அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன், மறக்கச் சொல்லி ஒருவரும் வரவும் வேண்டாம்.

அண்ணை மெல்ல நடந்து மகளிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“பிள்ளை, கூறைச்சேலை மாப்பிள்ளை வீடெல்லோ எடுக்கிறது. இதில ஆர் எடுக்கிறது?”

“ரெண்டு வீடும் எடுக்கும், பெரியப்பா” என்றாள் மகள். தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு விம்மி அழத் தொடங்கினாள்.

அண்ணை பதறிப்போனார். “பிழையாக் கேட்டுப் போட்டனோ, தம்பி?”

“இல்லை அண்ணை. அவளின்ர கலியாணத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி இது.”