வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

நியூசிலாந்துக்கு வந்த முதல் வாரத்தில், காய்கறிக் கடையில் கல்லாவில் இருந்த பெண் பையை என் கையில் கொடுத்துவிட்டு "சீ யூ லேட்டர்" என்றாள். பிறகு பார்க்கலாம் என்கிறாளே, என்ன விஷயமாக இருக்கும்? நான் கோயமுத்தூர்க்காரி. ஒருத்தர் பார்க்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னபிறகு நம் பாட்டுக்குக் கிளம்பிப் போவது எங்களுக்கு மரியாதையில்லை. இரண்டு பைகளோடு வாசலில் கால்மணி நேரம் நின்றேன். அவள் வெளியே வந்து, "ஏதாவது மறந்துவிட்டாயா?" என்று கேட்டாள். "நீங்கள்தானே பார்க்கலாம் என்றீர்கள்" என்றேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்லி, இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லுக்கும் செயலுக்கும் சம்பந்தமே கிடையாது என்று நக்கலடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம், சொந்த வாயால் அதே குழியில் நானே விழுந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, என் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளில் தனியாக மேற்குக் கடற்கரைக்குப் போனேன். இயற்கையை ரசிக்கப் போனதாக அலுவலகத்தில் சொன்னேன். உண்மை என்னவென்றால், கோயமுத்தூரில் எங்கள் பகுதியான கணபதியிலிருந்து தம்பி போன் செய்திருந்தான். எங்கள் வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. நான் விமானம் ஏறிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. "அக்கா, தப்பா நெனச்சுக்காத. பாப்பா ஆறாவது போகப்போறா. தனி ரூம் வேணுங்கறா. திங்கக்கெழம ஆசாரி அலமாரி அடிக்க வாரேன்னிருக்கறாரு. நீ திரும்பி வர்றதுன்னா ரூம் அப்படியே இருக்கட்டும், பாப்பாவுக்கு நான் சொல்லிக்கறேன். ஒன்னும் அவசரமில்ல" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கெழமைக்குள்ள மட்டும் சொல்லிப்போடு" என்றான். எங்கள் ஊரில் அவசரத்தைக்கூட அவசரமில்லை என்றுதான் சொல்வோம். பாப்பா அவன் மகள். ஒரு பெண்பிள்ளைக்குத் தனி அறையின் அருமை எனக்குத் தெரியாதா? ஆனாலும் "செரி, குடுத்துரு" என்ற சொல் வாயில் வரவில்லை. கொடுத்துவிட்டால் திரும்பிப் போகமாட்டேன் என்று ஆகிவிடும். அதை நான் இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வண்டி ஓட்டுவது கணபதியில் கற்றது. தம்பிக்கு வாங்கிய பைக்கை அவனுக்கு முன்னால் நான் ஓட்டினேன். லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சந்தில் வண்டி விக்கி விக்கிப் போகும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் நின்று, "ஏனுங்க அம்மணி, பொம்பளப்புள்ள இதையெல்லாம் ஓட்டலாமுங்களா?" என்று அம்மாவிடம் கேட்பார். "ஓட்டறது அவ. உங்களுக்கென்னுங்க கஷ்டம்?" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட தைரியசாலிக்கு ஒரே ஒரு சொல் மட்டும் ஆகாது. வேலை கிடைத்து முதல்முறை வெளியூர் கிளம்பிய அன்று, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற அவசரத்தில் "போறேம்மா" என்று கத்திவிட்டேன். கெட்டது குடி. "உள்ள வா. உக்காரு. தண்ணி குடி. இப்ப ஒழுங்காச் சொல்லு" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டாள். தண்ணீர் குடித்து, "வாரேம்மா" என்று சொல்லிக் கிளம்பியபோது பஸ் போயே போய்விட்டது. "பஸ் நாளைக்கும் வரும்" என்றாள். அன்றுமுதல் எந்த வாசலைத் தாண்டினாலும் வாரேன்தான். டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன், இழவு வீட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன்.

மேற்குக் கடற்கரைச் சாலையில் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் காடு. நடுவில் ஒரு நூல்போல ரோடு. எங்கள் கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. அதனாலோ என்னவோ, ஒவ்வொரு வளைவிலும் கடல் தெரியும்போதெல்லாம் "அடேயப்பா" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். ஆளுயரப் பெரணிச் செடிகள் ரோட்டின்மேல் கவிந்திருந்தன. ஒரு வண்டி மட்டும் போகிற பாலங்களில் எதிரே வருபவர் நின்று வழிவிட்டுக் கையசைத்தார். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது வருகிற அதே ஈர மண் வாசனை. ஆனால் பத்து வளைவுக்கு ஒரு டீக்கடையும், ஆரன் அடிக்கும் பஸ்ஸும் இல்லாத காடு எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. விழுந்து கிடந்தால் கேட்க நாதியில்லை என்று ஒரு நினைப்பு.

இரண்டாம் நாள் பிற்பகல், கடலோரத்தில் ஒரே ஒரு கடையைப் பார்த்து நிறுத்தினேன். ஷெர்லி என்ற அறுபது வயதுக்காரி டீயும், சீஸ் போட்ட ஸ்கோன் என்கிற ரொட்டியும் கொடுத்தாள். என் ஈரக் கையுறைகளை வாங்கி அடுப்பின்மேல் காயப்போட்டாள். தனியாகவா வந்தாய், எந்த ஊர், எங்கே போகிறாய் என்று கேட்டாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "அந்த ரோடு ஈரத்தில் வழுக்கும், போனில் சிக்னலும் இருக்காது" என்றாள். வயிறு நிறைந்திருந்தது, கையுறை சூடாக இருந்தது, ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிற நினைப்பு. வாசலில் திரும்பிப் பார்த்து, "ஓகே, ஐ வில் கம்" என்றேன். அவள் தலையாட்டினாள். முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அந்தக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே காட்டுச்சாலை ஒன்று பிரிகிறது. அதில் எழுபது கிலோமீட்டர் ஓட்டி ஒரு சிறு டவுனை அடைந்து, அறை எடுத்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் போலீஸ்காரர். நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவர் வாயைத் திறப்பதற்குள் லைசென்ஸ், விசா, வண்டிக் காகிதம் மூன்றையும் எடுத்து நீட்டினேன். அவர் எதையும் வாங்கவில்லை. "ஷெர்லி நேற்று உனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்" என்றார். நான்கு மணிக்குப் பூட்டுகிற கடையை ஆறரை வரை திறந்து வைத்திருக்கிறாள். பிறகு மருமகனை அனுப்பியிருக்கிறாள். அவர் முனைவரை போய், வளைவு வளைவாக இறங்கி, வண்டி சறுக்கிய தடம் இருக்கிறதா என்று பள்ளத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் போலீசுக்குச் சொல்ல, இந்தப் போலீஸ்காரர்தான் விடுதி வாசலில் என் சிவப்பு வண்டியைக் கண்டு தகவல் சொல்லியிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. போனில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார் அவர். அது எப்படி? வண்டியைத் திருப்பி, அந்த எழுபது கிலோமீட்டரையும் மறுபடி ஓட்டினேன்.

"வருவேன் என்றாயே?" என்றாள் ஷெர்லி. கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, போகிறவர்கள் செத்தவர்கள்தான், அதனால் வருகிறேன் என்போம், அதற்கு அர்த்தம் போகிறேன் என்பதுதான் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். நீங்கள் மட்டும் என்னவாம், கண்டவர்களுக்கெல்லாம் சீ யூ லேட்டர் சொல்கிறீர்களே என்று கொஞ்சம் எகிறியும் பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "சரி, நீ உண்மையிலேயே வரப்போவதாக இருந்தால் அதை எப்படிச் சொல்வாய்?"

"அதையும் வாரேன் என்றுதான் சொல்வோம்."

"அப்போது கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும், எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் தெரியும் என்று வீராப்பாகச் சொன்னேன். சொல்லும்போதே அம்மாவின் நினைவு வந்தது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு போனையும் நான் எப்படி வைத்தேன்? வாரேம்மா என்றுதானே. கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஷெர்லி கதவுவரை வந்தாள். "குட்பை" என்றேன். பிறந்ததிலிருந்து நான் யாருக்கும் சொல்லாத சொல். அவள் என் தோளைத் தட்டினாள்.

மதியம் இரண்டு மணிக்கு, சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கணபதியில் ஞாயிற்றுக்கிழமை விடிந்திருக்கும். தம்பி எடுத்தான். "ரூமைப் பாப்பாவுக்குக் குடுத்துருடா" என்றேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, நீதான வாரேன் வாரேன்னு சொல்லீட்டிருந்த? நீ சொல்றப்பெல்லாம் நான் உன்ற மெத்தையத் தூக்கி வெயில்ல போட்டு எடுத்துட்டிருக்கறேன்."

"எல்லா வாட்டியுமாம்மா?"

"பின்ன? எந்த வாட்டி நெசமா வருவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஷெர்லி கேட்ட அதே கேள்வி. அவளுக்காவது ஒரு சாயங்காலம். அம்மாவுக்கு ஒன்பது வருடம். நான் வண்டியின்மேல் சாய்ந்துகொண்டேன். "அம்மா, நான் அங்க குடியிருக்க வரமாட்டேன். இங்கியேதான் இருப்பேன். ஆனா பாக்க வருவேன். தை மாசம், பத்து நாளைக்கு. இது நெசம்" என்றேன். முந்தானையில் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. "செரி கண்ணு. சொல்லிப்போட்டயே, அது போதும்" என்றாள். அவள் கையிலிருந்து போன் பாப்பாவிடம் போனது.

"அத்தை, ரூமை எனக்குக் குடுத்துட்டா நீங்க தை மாசம் எங்க படுப்பீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

"என்ற கட்டில் பெருசுதானுங்கத்தை. பாதி உங்களுக்கு. சன்னல் பக்கம் வேணுங்களா, செவுத்துப் பக்கம் வேணுங்களா?"

"சன்னல் உனக்கு, கண்ணு. எனக்குச் செவுத்துப் பக்கம் போதும்" என்றேன். "அப்பத்தா, அத்தைக்குச் செவுத்துப் பக்கமாம்!" என்று அவள் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினாள். இனிமேல் கணபதியில் என் இடம் அதுதான். தை மாதத்தில் பத்து நாள், பாதிக் கட்டில். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியாது. அதனால் அங்கேயே நின்று அழுது முடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இந்த ஊரில் இருக்கிற என் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன்.