கூண்டுக்குள் ஈரம்

“என் கையால அடைச்சது எதுவும் ஒழுகாது. ஒழுகுதுன்னு சொல்ற வாய்தான் ஒழுகுது.”

குழாய் வேலைக்காரர் இதைச் சொன்னது தன் கூடப்பிறந்த அக்காவிடம். அவள் கோழிக்கூண்டின் கதவைத் திறந்து, கீழே பரப்பியிருந்த மரத்தூளில் ஒரு பிடி அள்ளி, அவர் முகத்துக்கு நேரே பிழிந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்போ இது என்னடா தம்பி? கோழி குளிச்சுட்டு வந்துச்சா?”

“தண்ணித் தொட்டியைக் கவுத்திருக்கும்.”

“தொட்டி வெளியில இருக்கு. முதல்ல உன் கண்ணுக்கு ஒரு வாஷர் மாத்து.”

ஊரில் அவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். வேலை முடிந்ததும் குழாய் மூட்டில் விரலை வைத்து, “இனிமே ஒரு சொட்டு வராது” என்பார். வராது. முப்பது வருடத் தொழிலில் அதில் பொய் கிடையாது. ஆனால் முடித்த வேலையைப் பிரி என்று சொன்னால் மட்டும் மனிதருக்குக் காது கேட்காது. தன் வீட்டுச் சமையலறைக் குழாயையே அரை அடி கூடுதல் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார். பத்து வருடமாக அவர் மனைவிக்குப் பாத்திரம் கழுவினால் முழங்கை வரை நனைகிறது. கேட்டால், “குழாய் சரியாத்தான் இருக்கு, நீதான் உசரம் கம்மி” என்று பதில் வரும்.

அக்கா நாலு வருடத்துக்கு முன்னால், புருஷன் போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியும் கூடையில் ஆறு கோழியுமாக வந்து இறங்கினாள். தம்பி பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். தம்பி மனைவியும் முகம் சுளிக்கிற ரகமில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் தன் தைலம், தன் செருப்பு, தன் போனுக்குப் போடுகிற காசு எல்லாம் முட்டை விற்றுத்தான் வாங்குவாள். கேட்டால் தம்பி கொடுப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

பழைய மரப்பெட்டியில் அடைந்துகொண்டிருந்த கோழிகளில் ஒன்றைப் பெருச்சாளி மண்ணைக் குடைந்து வந்து காலைக் கடித்து இழுத்துக் கொன்று போட்டது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. மறுநாளே தம்பி வேலையில் இறங்கிவிட்டார். தரைக்குச் சிமெண்ட். நாலு பக்கமும் தகரம். மூட்டுக்கு மூட்டு பசை. கதவு விளிம்பில் ரப்பர், மேலும் கீழும் தாழ்ப்பாள். பகலில் கோழிகள் உலாவ முன்னால் வலையடித்த ஓர் இடம். அந்த வலையின் அடியை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்து, மேலே கல்லை அடுக்கினார். தோண்டுகிற பல்லுக்கு இரும்புதான் மிஞ்சும். காற்றுக்கென்று கூண்டின் ஓரத்தில் அரை அங்குலக் குழாய் ஒன்று வைத்து, மழை போகாமல் வாயைக் கீழ்நோக்கி வளைத்தும் விட்டார். வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. காலையில் வலையோரக் கற்களைக் காலால் அழுத்திப் பார்ப்பாள். கோழி உட்காரும் கட்டைக்கடியில் எச்சத்தைச் சுரண்டுவாள். வாரத்துக்கு ஒருமுறை தூளை மாற்றுவாள். அப்படியும் மழைக்காலம் பிறந்ததும் கூண்டுக்குள் ஈரம் பிடித்தது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிந்தது. கூரைத் தகரத்தின் உட்புறம் முத்து முத்தாக நீர். கோழிகள் தும்மின. நாலு முட்டை வந்த இடத்தில் ஒன்று வந்தது.

குழாய்க்காரனுக்கு ஈரம் என்றால் கசிவு. வேறு எதுவும் தோன்றாது. சொட்டு கூரை மேல் ஏறி மூட்டை எல்லாம் தடவினார். ஒரு வாளித் தண்ணீரில் நீலம் கரைத்துக் கூரையில் ஊற்றினார். நீலம் எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் காலையில் உள்ளே நீர் இருந்தது. நீலம் இல்லை.

“அஞ்சு உசிரு உள்ள மூச்சு விடுது. அது எங்கடா போகும்?” என்றாள் அக்கா.

“கோழி மூச்சுல மழை பெய்யுமா? வேற வேலை இருந்தா பாருக்கா.”

ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது என்று முடிவுகட்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்டார். அந்த வாரத்திலேயே கறுப்புக் கோழி இரண்டு நாள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று, செத்துப் போனது. அக்கா அதைக் குழி தோண்டிப் புதைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“சனிக்கிழமை கோழி வாங்குற ஆள் வர்றான். மிச்சம் நாலையும் எடுத்துட்டுப் போகட்டும்.”

“அப்புறம் உன் கைச்செலவுக்கு?”

“கையை நீட்ட வேண்டியதுதான். உனக்கு அது சந்தோஷம்தானே.”

சொட்டுக்கு அது சுருக்கென்றது. அக்கா கை நீட்டக் கூடாது என்றுதானே அவ்வளவும் கட்டினார். வியாழக்கிழமை அந்தியில் கோழிகள் கட்டையேறினதும் தானும் உள்ளே குனிந்து நுழைந்து உட்கார்ந்தார். வெளியே அக்கா தாழ்ப்பாளைப் போட்டு, டார்ச்சை ஒவ்வொரு மூட்டாக நகர்த்த வேண்டும். ஓட்டை இருந்தால் உள்ளே வெளிச்சம் தெரியும்.

“தெரியுதா?”

“இல்ல.”

“மேல?”

“இல்லக்கா. ஊசி நுழைய இடமில்ல.”

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்குக் கண்ணாடி மங்கியது. துடைத்தார். மறுபடி மங்கியது. தொண்டை கரகரத்தது, எச்ச வாடையில் கண்ணில் நீர் கட்டியது. தலைக்கு மேல் தகரத்தைத் தொட்டார். உள்ளங்கை நனைந்தது. பக்கத்தில் சிவப்புக் கோழி அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை மூச்சும் வெளியேற அவர் வைத்த வழி சுண்டுவிரல் கனம். அதையும் கீழே பார்த்து வளைத்திருந்தார். மூச்சு மேலே அல்லவா ஏறுகிறது.

“கதவைத் திற.”

“ஒழுகுதா?”

“திறக்கா.”

“அதை முதல்ல சொல்லு.”

“ஒழுகல. மூச்சுதான்.”

தாழ்ப்பாள் விலகியது. இருமிக்கொண்டு வெளியே வந்தவரிடம் அக்கா துண்டை நீட்டினாள்.

“நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்” என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“உங்கிட்டயா? நல்லா இருக்கே. என் ரூம் ஜன்னலும் நீ அடைச்சதுதான். சாரல் அடிக்குதுன்னு பலகை வச்சு ஆணி அடிச்ச. காலையில என் தலகாணியும் இப்படித்தான் சில்லுனு இருக்கு.”

“நாலு வருஷமா ஏன் சொல்லல?”

“ஒண்டியிருக்கிறவ ஜன்னல் கேக்கலாமா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தகரம் வெட்டுகிற மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டை மூன்று சுற்று வந்தார். பின்கதவில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“வெட்டுங்க. அது ஒண்ணும் அழாது.”

வெட்டினார். கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவரில், நீள நீளமாக இரண்டு வாய். கட்டையில் உட்காரும் கோழியின் தலைக்கு மேலே காற்று போய்விடும், உடம்பில் படாது. அக்கா ஈரத்தூளை எல்லாம் வாரிக் கொட்டி, சுண்ணாம்பு தெளித்து, சனிக்கிழமை வர வேண்டியவனைப் போனில் கூப்பிட்டு, “இப்ப வேண்டாம்பா, சொல்லி அனுப்புறேன்” என்றாள்.

கோழிகள் அடைவதற்குள் அந்த வாய்களுக்கு வலையடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருச்சாளிக்கு நாமே வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி. சொட்டு சைக்கிளை எடுத்தார். கடைக்காரர் ஆறுமூலைக் கண் வலையை உருட்டி விட்டார்.

“கோழிக்குத்தானேண்ணே? எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க.”

“இது கோழி வெளியில போகாம இருக்கத்தான் ஆகும். குட்டி எலி உள்ள வந்துரும், பூனை கையை விடும். அரை இஞ்சுக் கண்ணு, வெல்டிங் வச்ச கம்பி வலையில குடு.”

“அது விலை கூடண்ணே. எத்தனை துண்டு?”

“கூண்டுக்கு ரெண்டு. அக்கா ஜன்னலுக்கு ஒண்ணு.”

கடைக்காரர் அளந்து வெட்டி, சுருட்டி, கயிறு போட்டுக் கட்டினார். மூன்று துண்டும் சேர்த்து எழுநூற்று இருபது.