வெறும் வயிற்றின் மேல் போட்ட பழி

என் தம்பி நந்தகுமாருக்கு இந்த மலையில் இருந்தது ஒரே ஒரு நல்ல பெயர்தான். ஏணிக்காரன். மலையூர்கள் சில சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டில், உயரமான சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க வேண்டுமென்றால் அவனுக்குத்தான் ஆள் வரும். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் வெட்டாமல் விட்ட குச்சிதான் படி. அதில் கால் விரலை ஊன்றி நின்றுகொண்டு இரண்டு கையாலும் பறித்து இடுப்புச் சாக்கில் போடுவான். படிப்பு ஏறவில்லை, மரமாவது ஏறினானே என்று நான் கேலி பேசுவேன். உள்ளுக்குள் பெருமைதான். அம்மா போன பிறகு வளர்த்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. செல்போனில் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு. முப்பது வயதுத் தடிமாடு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, "லெஃப்ட்ல வாரான் பாரு, அடி, அடி" என்று கத்தும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பையன்களிடம் போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தான். அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம் வந்தது. விளையாடுகிறவர்களுக்கென்றே செய்த தின்பண்டமாம், சாக்லேட் உருண்டை. தின்றால் கண் கூர்மையாகும், கை வேகமாகும், மூளை சுறுசுறுப்பாகும் என்று எழுதியிருந்தது. கூரியர்காரன் மலை ஏற மாட்டேன் என்றதால் அடிவாரத்துக் கடையில் இறக்கி, பஸ் டிரைவரிடம் கெஞ்சி வரவழைத்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

தின்றான், ஜெயித்தான். அன்றைக்குக் கீழே மழையில் டவர் செத்துப்போய் எதிராளிகள் பாதியில் நின்றுவிட்டார்கள் என்று அவன் கூட்டாளியே என்னிடம் சொன்னான். அதெல்லாம் இவன் காதில் ஏறுமா?

"அக்கா, கை சும்மா பறக்குதுக்கா."

"பறக்கட்டும். அந்த வெறக நாலு பொளந்து போடு, எப்படிப் பறக்குதுன்னு பாக்கறேன்."

விறகு பிளக்கவில்லை. அடுத்த பாக்கெட்டுக்குச் சொல்லிவிட்டான்.

மாசியில் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் வளர்மதி, நல்லுசாமி மாமாவின் மகள். இதற்கு முன் வந்த இடங்களெல்லாம், மாப்பிள்ளைக்கு உத்தியோகமில்லை என்று போய்விட்டன. இந்த மாமா அப்படிக் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு வந்து நம்ம தோட்டத்துல மொளகு பறிச்சுக் குடுங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார். பரீட்சை என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் கிளம்புகிற காலையில் இவனுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அங்கே போனதும் வளர்மதியின் அம்மா பாவாயி அத்தை இலை போடப் போனார். "வேலைய முடிச்சுட்டு வந்து சாப்புடறனுங்க" என்று இவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மரத்துக்குப் பின்னால் திரும்பி நின்று எதையோ வாயில் போட்டு மென்றதைப் பார்த்தேன். பாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அணிலாட்டம் ஏறினான். மாமா முகத்தில் ஒரு திருப்தி. வளர்மதிகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பாதிச் சாக்கு நிறைந்திருக்கும், ஏணி நடுங்க ஆரம்பித்தது. காற்று இல்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். சாக்கு சரிந்து மிளகெல்லாம் எங்கள் தலையில் கொட்டுகிறது.

"தம்பி, எறங்குங்க" என்றார் மாமா.

"முடியலீங்க. கை நிக்க மாட்டேங்குது. நெஞ்சு அடிச்சுக்குது."

தலை நரைத்த அந்த மனிதர் பக்கத்தில் இன்னொரு ஏணியைச் சாத்தி ஏறினார். தன் துண்டால் அவன் இடுப்பைத் தன்னோடு சேர்த்துக் கட்டி, அவன் காலைத் தன் கையால் பிடித்துப் பிடித்துக் குச்சியில் வைத்து இறக்கினார். ஏணிக்காரனைப் பெண்ணைப் பெற்றவர் இறக்குகிறார், பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு போயிருந்தால் தேவலை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு இவன் சொன்னான், "ஒண்ணுமில்லீங்க, வெறும் வயிறு. கிறுகிறுன்னு வந்துருச்சு."

பாவாயி அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஊடு தேடி வந்த புள்ளைய ஒரு வாய் சோறு போடாம மரத்துல ஏத்திட்டனே. அது வேண்டாம்னா நா உட்டுருக்கலாமா?" என்று அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார். பிறகு எழுந்து போய்ச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிமாறினார். என் தம்பி தின்றான். குனிந்த தலை நிமிராமல் தின்றான்.

அவன் கழற்றிப் போட்ட சட்டையை உதறிப் போடலாம் என்று எடுத்தேன். பையில் உருண்டைப் பாக்கெட். காலி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்.

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சோற்றில் கை வைத்தபடியே சொன்னான். கேம் விளையாடத் தின்கிற உருண்டை, விரலுக்கு வேகம் கொடுக்கும், மரத்திலும் கொடுக்கும் என்று நம்பி, பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டேன் என்றான். வளர்மதி என் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லுசாமி மாமா கையில் ஒட்டியிருந்த மரப்பட்டையைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"நடுங்குனது ஒரு குத்தமில்லீங்க தம்பி. நானும் ஒரு காலத்துல நடுங்குனவன்தான். எம் பொண்டாட்டிய அழ உட்டுட்டு, அவ போட்ட சோத்த உங்களால முழுங்க முடிஞ்சுது பாருங்க. அதான்."

அவன் காது மடல் சிவந்து போனதை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

ஆனால் பாவாயி அத்தை நம்பவில்லை. "சாக்லேட்டு முட்டாய் தின்னு யாருக்காச்சும் கை நடுங்குமா? நம்மளுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்குது. இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்கு இந்த மனசு வரும்?" என்றார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம். சொல்லச் சொல்ல அவருக்கு இவன் மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பெண்ணை இவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதும் அவர்தான். மாமா மறுக்கவில்லை. வளர்மதி மட்டும், அந்த உருண்டையை இனிமேல் தொடுவதில்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்த பிறகு சரி என்றாள்.

பாக்கெட்டை நான் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் காட்டினேன். காப்பியில் இருக்கிற அதே சரக்கைத்தான் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். அளவாகத் தின்றால் தூக்கம் வராது, கொஞ்சம் விழிப்பாக இருக்கும், அவ்வளவுதான். விளையாடத் தெரியாதவனுக்கு அது விளையாட்டைக் கற்றுக்கொடுக்காது. வெறும் வயிற்றில் அள்ளிப் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எங்கள் கொல்லையில் காப்பிச் செடி காய்த்துத் தொங்குகிறது. அதைக் குடிக்காமல் எங்கேயோ இருந்து உருண்டை வரவழைத்துத் தின்றிருக்கிறது இந்தக் கழுதை.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. இந்த மாசியில் மாமனார் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போனான், துணைக்கு நானும் போனேன். வளர்மதி காலையிலேயே அவனுக்கு வயிறு நிறையப் போட்டிருந்தாள். ஏணியைச் சாத்தி மாமா பிடித்துக்கொண்டார். இவன் முதல் குச்சியில் கால் வைக்கப் போகும்போது பாவாயி அத்தை வட்டிலில் சோறோடு ஓடி வந்தார்.

"சாப்புட்டுட்டு ஏறு சாமி. அன்னைக்கு மாதிரி பட்டினியா ஏத்திப்புட்டு நா பட்ட பாடு போதும்."

"சாப்புட்டுட்டனுங்க அத்தை."

"அன்னைக்கும் எனக்காவ அப்படித்தான் முட்டாய் தின்னேன்னு எதையோ சொன்னே."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா ஏணியை விடாமல், முகத்தை மிளகுக் கொடிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்பி வட்டிலை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தான். அத்தை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் தலை நிமிரவில்லை.